ஞாயிற்றுக்கிழமை நகப்பூச்சு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு என் போன் அடித்தது. தெரியாத எண். எடுக்கவில்லை. ஏழு நிமிடம் கழித்து அதே எண். அப்போதும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது போனைக் கவிழ்த்து அதன் மேல் தலையணையை வைத்தேன். அமெரிக்காவுக்கு வந்த முதல் வாரத்தில் பல்கலைக்கழகத்தில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்கள்: அரசு அலுவலகம் என்று சொல்லி மோசடிக்காரர்கள் கூப்பிடுவார்கள், விசா ரத்தாகிவிட்டது என்று மிரட்டுவார்கள், தெரியாத எண்ணை எடுக்க வேண்டாம். நாமக்கல்லிலிருந்து அம்மாவும் வாரம் தவறாமல் அதைத்தான் சொல்வார். "கண்ணு, தெரியாத நம்பரு வந்தா எடுத்துப்போடாத. என்னென்னமோ பண்றாங்களாமா." சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்றும் கேட்டேன்.

இரண்டே காலுக்கு, மேல் வீட்டில் இருக்கும் பிரவீன் கதவைத் தட்டினான். கையில் கார் சாவி.

"சுகி, ஹாஸ்பிட்டல்ல இருந்து உனக்குத்தான் மூணு தடவ ட்ரை பண்ணியிருக்காங்க. நீ எடுக்கலன்னு எனக்கு அடிச்சாங்க. ஹசீனா..."

சொல்லிக்கொண்டே காரை எடுக்க ஓடினான், நானும் பின்னால் ஓடினேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் என்று ஹசீனா தன் பையில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தாள். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பிரவீனுடையது. ரயில் நிலையப் படிக்கட்டில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்தாளாம். அப்படியே சாய்ந்துவிட்டாளாம். வயது இருபத்து நான்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நர்ஸ் ஒரு பெரிய உறையைக் கொடுத்தார். அதில் அவளுடைய மஞ்சள் கோட்டு, இரண்டு நூலகப் புத்தகங்கள், விலைக்கு வாங்கிய ஒரு கதைப் புத்தகம், இயர்போன், நகப்பூச்சை அழிக்கும் திரவம் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு சின்னப் புட்டி. முதல் அழைப்பு எனக்கு வந்தபோது அவளுக்கு உயிர் இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். பயத்தில் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இந்த ஃப்ரீமான்ட் நகரத்தில் அவளைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஹசீனா எங்கே போனாலும் முதலில் கிளம்பி நிற்பவள், ஷாலுக்குப் பொருத்தமாகச் செருப்பு தேடுபவள், பொங்கல் விழாவில் மைக் பிடித்து எல்லாரையும் கைதட்ட வைத்தவள். உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஐந்து மாதம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அஞ்சலிக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னீர்கள், தொண்டை அடைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். தொண்டை அடைக்கவில்லை. பயந்தேன்.

அவளும் நானும் முதல் செமஸ்டரிலிருந்து ஒரே அறை. அவள் காயல்பட்டினம். வந்த இரண்டாம் நாள் நான் குழம்பு தாளித்தபோது புகை அலாரம் அலறியது. விசாக் காகிதங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், கார் நிறுத்துமிடம் வரை ஓடிவிட்டேன். போலீஸ் வரும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஹசீனா அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, நாற்காலியில் ஏறி அலாரத்துக்கு விசிறிவிட்டு, சாவகாசமாக என்னைத் தேடி வந்தாள்.

"கடுகு வெடிச்சதுக்கு நாட்ட விட்டே ஓடுறியே புள்ள" என்றாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "சரி, நமக்குள்ள வேலையப் பிரிச்சிக்கலாம். பயப்படுற வேலைய நீ பாத்துக்க. சுத்திப் பாக்குற வேலைய நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

இரண்டு பேருமே எங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தோம். பின்னால் போலீஸ் கார் வந்தால் நான் பயப்படுவேன், தபால் பெட்டியில் நீள உறை கிடந்தால் பயப்படுவேன், புரொபஸர் "என்னைப் பார்" என்று ஒற்றை வரி அனுப்பினால் அன்று சோறு இறங்காது. அவள் ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பாள்.

பயன்படுத்திய துணி விற்கும் கடை ஒன்றில்தான் அந்த மஞ்சள் கோட்டைப் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு பெண்மணி கை நீட்டுவதற்குள் ஹேங்கரோடு உருவிவிட்டாள். ஒரு பொத்தான் இல்லை. வீட்டுக்கு வந்து ஊதா நிறப் பொத்தான் ஒன்றை அந்த இடத்தில் தைத்தாள். நான் சிரித்தேன். "இந்த ஊர்ல எல்லாரும் கறுப்பும் சாம்பலும் போட்டுட்டு, துக்க வீட்டுக்குப் போற மாதிரியே பஸ்ஸுக்கும் போறாங்க. யாராவது ஒருத்தி மஞ்சள் போட வேணாமா?" என்றாள். அவளிடம் பதினோரு ஷால்கள் இருந்தன. எதை எதோடு போடுவது என்று சனிக்கிழமை மாலையே கட்டிலில் பரப்பிவிடுவாள். நான் உட்கார இடம் இருக்காது.

பாட்டு இல்லாமல் அவள் நடந்து நான் பார்த்ததில்லை. இயர்போனின் ஒரு முனை அவள் காதில், இன்னொன்று என் காதில். பாட்டின் நடுவில் புல்லாங்குழல் வரப்போகிறது என்றால் அதற்கு முன்பே ஒரு விரலைத் தூக்கி, "இப்ப வரும் பாரு" என்பாள். வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள், நான்தான் அவள் முழங்கையைப் பிடித்துக் கம்பத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரத்தைக்கூட அவள் பாட்டில்தான் சொல்வாள். கடை ஒரு பாட்டு தூரம். நூலகம் இரண்டு. எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் மூன்று பாட்டு தூரம். முதல் வருடம் முழுக்க அது மூன்று பாட்டாகத்தான் இருந்தது.

இரண்டாம் வருடம் அது நாலானது. நான் கவனிக்கவில்லை. மௌரி அவென்யூவில் நடக்கும்போது இருபது அடிக்கு ஒருமுறை நின்று எதையாவது காட்டுவாள். "அந்த வளையல பாரேன்." "இந்த வீட்டு ரோஜா என்ன கலருன்னு சொல்லு." "கறிவேப்பில இன்னிக்கு ஃப்ரெஷ்ஷா வந்திருக்குடி." அப்போது அவளுடைய இன்னொரு கை சுவரையோ கம்பியையோ பிடித்திருக்கும். எல்லாவற்றையும் ரசிக்கிறாள், இப்படி ஒருத்தி எனக்குத் தோழியாக வாய்த்தாளே என்று நான் பூரித்துப்போனேன். ரசிக்கவும் செய்தாள், அது பொய்யில்லை. மூச்சு வாங்கவும்தான் நின்றாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் எனக்குத் தெரிந்தது. அங்கே தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு தட்டு இருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து மடியில் அடுக்கிக்கொள்வாள். நான் எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பேன். யார் செத்துப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக ஆரம்பிக்க முடியும். அன்றும் அப்படிச் செய்துகொண்டிருந்தேன். "ஏ, அந்தக் கடைசிப் பக்கத்த மூடு, கெட்ட பழக்கம்" என்று புத்தகத்தைப் பிடுங்க எழுந்தவள், எழுந்த வேகத்தில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னால் கத்தக்கூட முடியவில்லை. அவள்தான் என் கையை அழுத்தி, "ஒண்ணுமில்ல, ரெண்டு நிமிஷம்" என்றாள்.

நானும் விடவில்லை. சும்மா தலைசுற்றல் என்று மட்டும் சொல்லிப் பிரவீனைக் காரோடு வரவழைத்து, பல்கலைக்கழக மாணவர்கள் போகும் ஒரு கிளினிக்குக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். நர்ஸ் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, நகப்பூச்சு இருந்தால் கிளிப் சரியாகக் காட்டாது, எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பஞ்சால் துடைத்தார். அவள் அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கருஞ்சிவப்பு நகப்பூச்சு போட ஆரம்பித்திருந்தாள். மதியத் தொழுகைக்கு முன்னால் அழித்தும் விடுவாள். "மூணு மணி நேரத்துக்கு ஒரு பெயின்ட்டா?" என்று நான் கேலி செய்வேன். "ஃபேஷன் புள்ள, உனக்குப் புரியாது" என்பாள். பஞ்சு சிவப்பாக வந்தது. அடியில் இருந்த நகம் நீலமாக இருந்தது.

ஆறு வயதில் அவளுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை அடைக்கச் சென்னையில் ஆபரேஷன் நடந்தது என்பதை அன்றுதான் சொன்னாள். குணமாகிவிட்டது என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது சரியாகவில்லை, நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் ஏறிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது என்று பெரிய டாக்டர் ஒருவர் படம் வரைந்து விளக்கினார். அவள் அவருடைய கைக்கடிகாரம் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய உம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வீடியோவில் பேசிப் பேசி எனக்கும் அவர் பழக்கம்தான். ஆன்ட்டி என்பேன். நம்பரைத் தேடுவதற்குள் ஹசீனா போனைப் பிடுங்கிவிட்டாள். அவள் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"நீ சொன்னா உம்மா அடுத்த ஃப்ளைட்ல வரச் சொல்லிரும். போனா திரும்ப விட மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"போனா என்ன ஹசீ? உசுரு முக்கியமில்லையா?"

"ஆறு வயசு வரைக்கும் நான் பேஷன்ட்டு. ஓடாத, குதிக்காத, வெயில்ல நிக்காத. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட ஒரு மூலைல பாய் போட்டுப் படுக்க வெப்பாங்க. திரும்ப அந்தப் பாயில படுக்க என்னால முடியாதுடி. மே மாசம் படிப்பு முடியுது. நானே போயி ஆபரேஷன் பண்ணிக்கிறேன், சத்தியமா. அதுவரைக்கும் என்னை ஸ்டூடன்ட்டா விடு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், தனியாக எங்கேயும் போக மாட்டேன், படி ஏற மாட்டேன், லிஃப்ட்தான் என்று ஒவ்வொன்றாகச் சத்தியம் செய்தாள். கடைசியில் நானும் செய்தேன். சொல்ல மாட்டேன் என்று.

அந்த ஐந்து மாதமும் நான் பட்ட பயத்தைச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா தெரியாது. அவள் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். நூலகத்தில், துணிக்கடையில், கடற்கரையில் எங்கே போனாலும் என் கண் முதலில் உட்காரும் இடத்தையும் லிஃப்ட்டையும்தான் தேடும். ரயில் நிலையம் ஐந்து பாட்டு தூரம் ஆகியிருந்தது. ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தாலே அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவளோ "இப்ப வரும் பாரு" என்று விரலைத் தூக்கிக்கொண்டிருப்பாள். எனக்குப் புல்லாங்குழல் காதில் விழவே இல்லை, அவள் மூச்சுத்தான் விழுந்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணி வாக்கில் நான் அவளைப் போட்டோ எடுக்க வேண்டும். அங்கே ஊரில் இரவு பதினொன்றரை ஆகியிருக்கும். உம்மா தூங்காமல் காத்திருப்பார். கையைக் கன்னத்தில் வைத்து ஒன்று, புத்தகத்தைப் பிடித்து ஒன்று, கோட்டின் காலரைத் தூக்கிவிட்டு ஒன்று. பத்து நகமும் கருஞ்சிவப்பாக மின்னும். போட்டோ போன அடுத்த நிமிடம் உம்மாவிடமிருந்து ஒரு இதயம் வரும், "மாஷா அல்லாஹ்" வரும். வேறு ஒரு கேள்வியும் வராது. பார்த்தாயா, உம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுபோல ஹசீனா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அந்தத் தாய்க்கு நான் செய்யும் துரோகத்தைப் படம் பிடித்து நானே அனுப்புகிறேன் என்று எனக்குக் கை நடுங்கும். அதனால் பாதிப் படங்கள் கலங்கலாகவே இருக்கும். "போட்டோ எடுக்கவும் பயமா?" என்று திட்டுவாள்.

மார்ச்சில் அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பழைய புத்தக விற்பனை. காலையில் போட்டோ எடுத்து அனுப்பியாகிவிட்டது. வெளியே மழை தூறியது, காற்று குளிராக இருந்தது. குளிரில் அவளுக்கு மூச்சு அதிகம் வாங்கும். போக வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் போகலாம் என்றேன். அவள் கோட்டை மாட்டினாள். எனக்கு வந்த கோபத்தில், "நீ எப்படியோ போ, என்னால இனிமே பயந்துக்கிட்டே பின்னாடி வர முடியாது" என்று சொல்லிவிட்டேன். நான் வராவிட்டால் அவளும் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அவள் ஊதாப் பொத்தானையும் போட்டு முடித்தாள்.

"இன்னிக்கு உனக்கு லீவு" என்றாள். "நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துட்டு வரேன்."

போனாள். புத்தகம் வாங்கியிருக்கிறாள், நூலகப் புத்தகமும் எடுத்திருக்கிறாள். வழக்கம்போலத் தொழுகைக்கு முன்னால் நகத்தை அழிக்க நேரமிருக்கவில்லை போல. அங்கிருந்து இன்னும் எங்கேயோ போக ரயில் நிலையத்துக்கு நடந்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. லிஃப்ட் வேலை செய்ததா, அவள்தான் படியில் ஏறினாளா என்றும் தெரியாது. அவள் படியில் உட்கார்ந்த நேரத்தில் நான் அறையில் போர்வைக்குள் இருந்தேன்.

விசா கிடைத்து உம்மா வந்து சேர்வதற்குள் நாளாகும் என்பதால் இங்கேயே அடக்கம் செய்ய வீட்டில் சம்மதித்தார்கள். மறுநாள் பள்ளிவாசலைச் சேர்ந்த பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். நான் வெளியே நின்றேன். சற்று நேரத்தில் ஒரு தமிழ் ஆன்ட்டி கதவைத் திறந்து, "யாரும்மா இவ ரூம் மேட்? நெயில் பாலிஷ் எடுக்கிறது வெச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த உறை என் கையிலேயே இருந்தது. புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"எதுக்கு ஆன்ட்டி எடுக்கணும்?"

"தண்ணி நகத்துல படணும்மா. தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யும்போதும் அப்படித்தான். சாயம் இருந்தா தண்ணி படாது, ஒளு கூடாது. அதனால தொழுகிற பிள்ளைங்க இதப் போடுறதில்ல. மாசத்துல தொழுகை இல்லாத அந்த நாலஞ்சு நாள்ல போட்டா உண்டு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு பெயின்ட்டா என்று கேட்டவள் நான். அவள் ஒரு வேளையும் விடாமல் தொழுதுகொண்டும் நகத்தை மறைத்துக்கொண்டும் அந்த இரண்டுக்கும் நடுவே அலைந்திருக்கிறாள். ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் மறுபடி ஒரு தெரியாத எண். இந்திய எண். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. முன்பு மூன்று முறை எடுக்காத கை இது. எடுத்தேன்.

"சுகன்யாவா? நான் ஹசீனா உம்மா பேசுறேன். என் போன்ல அவ படமா இருக்குன்னு புள்ளைங்க எடுத்து மறைச்சி வெச்சிட்டாங்க. இது அவ வாப்பா நம்பரு."

நான் ஒரேயடியாக அழுது எல்லாவற்றையும் கொட்டினேன். கிளினிக்கைச் சொன்னேன், சத்தியத்தைச் சொன்னேன், போனை எடுக்காததைச் சொன்னேன், கடைசியாக அவளிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். "உங்ககிட்ட மறைச்சிட்டேன் ஆன்ட்டி. நான் சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா." திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் மவளே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மொத ஞாயித்துக்கிழம நகத்துல செவப்பப் பாத்தேன். சரி, தொழுகை இல்லாத நாளு போல, ஆசைக்குப் போட்டிருக்குன்னு விட்டேன். அடுத்த ஞாயிறும் செவப்பு. அதுக்கடுத்த ஞாயிறும் செவப்பு. மாசத்துல நாலு ஞாயிறும் ஒரு பொண்ணுக்குத் தொழுகை இல்லாம போகுமா? தொழுகைய விட்டுட்டாளோன்னு மொதல்ல கோவம்தான் வந்துச்சு. பொறவு ஒரு நாள் படத்தப் பெருசாக்கிப் பாக்கும்போது, இந்தச் சாயம் நகத்த மறைக்கத்தானோன்னு பகீருன்னுச்சு. ஆபரேஷனுக்கு முந்தி அவ நகம் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்த வெரல ராத்திரியெல்லாம் பிடிச்சிக்கிட்டு இருந்தவ நான்தானே."

"அப்புறம் ஏன் ஆன்ட்டி கேக்கல?"

"பயம்தான். கேட்டா போட்டோ அனுப்புறத நிறுத்திருவா. போட்டோ வந்தா அந்த வாரம் எம் புள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம். கோட்டு போட்டிருக்கா, சிரிக்கிறா, புஸ்தகம் வெச்சிருக்கா. மே மாசம் வந்துருவாதானே, வந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்னு டாக்டர்ட்ட நாளு கேட்டு வெச்சிருந்தேன். அவ கிட்ட சொல்லல." பிறகு சொன்னார்: "நீ கலங்கலா எடுத்து அனுப்புற படத்தப் பாத்தா, இந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும் போலன்னு தோணும். உனக்கும் கை நடுங்கியிருக்கு."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதினேன். மகள் தாய்க்காக மறைத்தாள். தாய் மகளுக்காகத் தெரியாததுபோல் இருந்தார். நடுவில் நான் போனை வைத்துக்கொண்டு படம் எடுத்தேன். மூன்று பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் மற்ற இருவரும் திறந்திருப்போம். என் பயம் அவளைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். அது காப்பாற்றவில்லை. உங்களில் யாராவது இப்படி ஒரு சத்தியத்தை வாய்க்குள் வைத்திருந்தால், தயவுசெய்து, இன்றைக்கே உடைத்துவிடுங்கள். தோழி பேசாமல் போனால் போகட்டும், திட்டட்டும். திட்டுவதற்கு அவள் இருப்பாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். மஞ்சள் கோட்டை நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உம்மா சொல்லிவிட்டார். விற்பனையில் அவள் வாங்கிய ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தை இன்னும் பார்க்கவில்லை, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். தெரியாத எண்களை எடுக்கிறேன். நேற்றுகூட ஒருவன் என் விசா ரத்தாகிவிட்டது என்றான், கடைசிவரை கேட்டுவிட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உம்மா வீடியோவில் வருகிறார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "வெரலக் காட்டு மவளே" என்கிறார். சாயமில்லாத பத்து விரலையும் கேமராவுக்கு முன்னால் விரித்து வைக்கிறேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நான் அசையாமல் இருக்கிறேன். பார்த்து முடித்து, "நல்லாருக்கு" என்கிறார். "சரி, இன்னிக்கு எங்க போற?"

எங்கேயும் இல்லை என்று அவரிடம் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வாரமும் ஓர் இடம் யோசித்து வைத்திருக்கிறேன். "இன்னிக்குக் கடற்கரை, உம்மா" என்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஊதாப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இயர்போனின் ஒரு முனையை மட்டும் காதில் மாட்டிக் கிளம்புகிறேன். ரயில் நிலையம் மூன்று பாட்டு தூரம்.